காரைக்குடியில் சிறைக் காவலர் பணிக்கான கல்லூரிப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் தேர்வு எழுதுவோருக்காகக் காரைக்குடியில் ஒரு கல்லூரி வார இறுதிகளில் நடத்தும் பயிற்சி வகுப்பில் என் தம்பி மகன் சேர்ந்திருந்தான். அவனுடைய குறிப்பேடுகளை முழுமையாகப் படித்தும், அனுமதி பெற்றுச் சில வகுப்புகளில் அமர்ந்து கேட்டும் இதை எழுதுகிறேன்.

தேர்வுக்கான பயிற்சியில் குறை சொல்ல இடமில்லை. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளுக்கு 80 மதிப்பெண். அதில் 32 எடுக்காதவரின் முதன்மைத் தாள் திருத்தப்படுவதே இல்லை. தமிழ்தானே என்று பிள்ளைகள் அசட்டையாக இருந்துவிடுவதை ஆசிரியர்கள் அறிந்திருப்பதால், பத்தாம் வகுப்பு இலக்கணத்தைப் பொறுமையாக மீண்டும் நடத்துகிறார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்கவும் கயிறு ஏறவும் விடியற்காலையிலேயே பழக்குகிறார்கள். விடுதி இல்லாததால், தேவகோட்டையிலிருந்தும் புதுவயலிலிருந்தும் வருவோர் இதில் பெரும்பகுதியை இழக்கிறார்கள்.

இந்த வகுப்பின் உண்மையான மதிப்பு, ஓய்வு பெற்ற சிறை அலுவலர் ஒருவர் எடுத்த பாடங்களில் இருக்கிறது. விசாரணைச் சிறைவாசிகளைத் தண்டனைச் சிறைவாசிகளோடு ஏன் சேர்த்து வைக்கக் கூடாது, மனு பார்க்க, அதாவது சிறைவாசியைச் சந்திக்க, வரும் குடும்பத்தாரிடம் எப்படிப் பேச வேண்டும், புதிதாக உள்ளே வந்தவர் முதல் இரவில் சாப்பிடாமல் யாருடனும் பேசாமல் இருந்தால் பணியிலிருக்கும் காவலர் அதை ஏன் உடனே மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் அவர் அனுபவத்திலிருந்து விளக்கினார். 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் காவலையும் ஒழுங்கையுமே முதன்மையாகக் கொண்டிருந்ததையும், 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மண்டேலா விதிகள் எவரையும் தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் தனிமைச் சிறையில் வைக்கக் கூடாது என்று தடுத்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பேசியபோது, துறையின் பெயரிலேயே ‘சீர்திருத்தப் பணிகள்’ இடம்பெற்றிருப்பதன் பொறுப்பு மாணவர்களுக்கு விளங்கியது.

தேர்வில் கேட்கப்படாது என்ற காரணத்துக்காக இந்தப் பாடங்களுக்கு மிகக் குறைந்த நேரமே ஒதுக்கியிருப்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, காளையார்கோவில் அருகே புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது. நன்னடத்தையுள்ள தண்டனைச் சிறைவாசிகள் அங்கே பயிர் செய்கிறார்கள். முறைப்படி அனுமதி கேட்டு மாணவர்களை ஒருநாள் அழைத்துச் செல்ல இதுவரை முயற்சி எடுக்கவில்லை என்று கல்லூரியிலேயே சொன்னார்கள். அடுத்த அணிக்காவது அந்த முயற்சியை எடுக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காவலர் பணியை நாடுவோருக்கு இவ்வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். உதவிச் சிறை அலுவலர் பதவிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனித் தேர்வு நடத்துகிறது. பட்டதாரிகள் அதற்கு இந்த வகுப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது.