கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் எந்த ஸ்லீப்பிங் பேக்: டவுனா, சிந்தெடிக்கா?

முதல் ஸ்லீப்பிங் பேக் வாங்கப் போகிறவர் காதில் விழும் யோசனைகள் பெரும்பாலும் லடாக், ஸ்பிதி போன்ற இமயமலைப் பக்கத்துக் குளிருக்கானவை. அங்கே இரவு கடுமையாகக் குளிரும், ஆனால் காற்று காய்ந்து கிடக்கும். பழனி மலையிலும் நீலகிரியிலும் குளிர் நடுத்தரம்தான். ஈரம்தான் ஆளை வாட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியின் மேற்குப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை நனைத்துக்கொண்டே இருக்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொடைக்கானலைப் பிடித்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளிலும் மதியம் தாண்டினால் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடும்.

இந்த மலைகளுக்கு நான் தேர்ந்தெடுத்தது சிந்தெடிக். முதன்முதலாக வாங்குகிறவருக்கும் அதையே சொல்வேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். டவுன் என்பது வாத்தின் நெஞ்சிலும் வயிற்றிலும் இருக்கும் மென்மையான தூவி. சிந்தெடிக் என்பது பாலியஸ்டர் பஞ்சு. இரண்டுமே சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்து, உடம்புச் சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்கின்றன. ஒரே எடைக்கு டவுன் அதிகம் உப்பும், அதிகம் சூடு காக்கும், சின்னதாகச் சுருங்கும். 5 டிகிரி வரை வசதியாகத் தூங்கவைக்கும் டவுன் பேக் 700 முதல் 900 கிராம் இருக்கும். அதே குளிருக்கான சிந்தெடிக் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். முதுகுப்பையில் ஏறக்குறைய இரு மடங்கு இடத்தை அடைக்கும். விலையில் டவுன் மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல்.

அந்த அறுநூறு, எழுநூறு கிராம் வித்தியாசம் இங்கே எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சிக்கிய காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் பெரும்பாலானவை காலையில் ஏறி அன்றே இறங்குகிறவை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கூடாரம் அடிக்கக் கூடாது. ஆகவே இங்கே கூடாரத் தங்கல் என்றால் பெரும்பாலும் பூம்பாறை, மன்னவனூர் பக்கமோ கோத்தகிரி பக்கமோ உள்ள தனியார் தோட்டம்தான். காரோ பைக்கோ அந்த இடம் வரை போய்விடும். பேக்கைத் தோளில் சுமப்பது வண்டி நிறுத்திய இடத்திலிருந்து கூடாரம் வரைக்கும்தான். டவுனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு எடையைக் குறைப்பதற்காகத்தான் போகிறது. அந்தப் பயன் நமக்குக் கிடைப்பதே இல்லை.

இனி ஈரத்துக்கு வருவோம். முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

மழை பெய்தால்தான் பேக் நனையும் என்று நினைக்க வேண்டாம். ஓர் ஆள் தூங்கும் எட்டு மணி நேரத்தில் மூச்சிலும் தோலிலும் ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர் ஆவியாகப் போகிறது. இந்த ஆவி பேக்கின் உள்ளேயிருந்து வெளியே நகரும். வெளியே 8 டிகிரி, காற்றில் ஏற்கெனவே முழு ஈரம் என்றால், வெளிப்பக்கத்துப் பஞ்சை எட்டும்போதே குளிர்ந்து நீராகி அங்கேயே தங்கிவிடும். அதே இரவில் கூடாரத்தின் உட்சுவரிலும் நீர் முத்து முத்தாகப் பூக்கும். கால்மாடு சுவரில் உரசினால் அந்த இடம் தொப்பலாகிவிடும். பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு மலைப்பாதை ஏறினால் மூடுபனியே பாதி நனைத்துவிடும்.

முதல் இரவில் இரண்டு பேக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் இரண்டாவது இரவில் தெரியும், மூன்றாவது இரவில் உறைக்கும். மழையில் நனைந்த இலவம்பஞ்சுத் தலையணை கட்டி கட்டியாகிவிடுவது போலத்தான் தூவியும்: ஒன்றோடொன்று ஒட்டி, உப்பல் போய், ஒவ்வொரு தையல் அறையிலும் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். மீதி இடத்தில் இரண்டு அடுக்கு மெல்லிய நைலான் துணி மட்டும்தான். பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. இழைகளுக்கு நடுவே நீர் நின்றாலும் இழை வளைந்து நிமிரும் தன்மையை இழக்காது. ஈரமான சிந்தெடிக் பேக்கில் சுகமாகத் தூங்கலாம் என்று சொல்லமாட்டேன். சொதசொதவென்று இருக்கும், குளிரவும் செய்யும். ஆனால் விடியும்வரை தாக்குப்பிடிக்கலாம். தொப்பலாக நனைந்த டவுனில் அதுவும் முடியாது.

நீர் எதிர்ப்புப் பூச்சு ஏற்றிய டவுன் இப்போது வருகிறது. சாதாரண டவுனை விட ஈரத்தைத் தாங்கும், சீக்கிரம் காயும். ஓரிரண்டு ஈரமான இரவுகளுக்கு அது போதும் என்று நம்பலாம். பல பருவம் ஓடின பிறகும் அதே தாங்குதல் இருக்கும் என்று நான் அழுத்திச் சொல்லமாட்டேன்.

நனைவதை விடப் பெரிய தொல்லை காயவைப்பது. கொடைக்கானலில் பேக் உலர்த்துவதற்கான நேரம் பெரும்பாலும் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை. அதற்குப் பிறகு வெயிலை நம்ப முடியாது. எழுந்ததும் பேக்கைச் சுருட்டாதீர்கள். ஜிப்பை அடிவரை திறந்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய கயிற்றில் அரை மணி நேரம் போடுங்கள். பிறகு மறுபக்கம் திருப்பி இன்னொரு அரை மணி. ஓர் இரவின் வேர்வை ஈரம் சிந்தெடிக்கில் இந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். முழுக்க நனைந்த சிந்தெடிக் என்றால் முறுக்காமல் அமுக்கி நீரை வெளியேற்றி, காற்றோட்டமான வெயிலில் அரை நாள் போட்டால் மறுபடி படுக்கலாம். முழுக்க நனைந்த டவுன் மலையில் காயாது. கீழே வத்தலக்குண்டுக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ இறங்கி, நிழலில் பரப்பி, கட்டிகளை விரலால் உதிர்த்துக்கொண்டே இரண்டு மூன்று நாள் காயவைக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் முடை நாற்றம் பிடிக்கும், தூவி அழுகும். அந்த நாற்றம் துவைத்தாலும் முழுதாகப் போகாது.

துவைப்பதிலும் இதே கதை. சிந்தெடிக்கை முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினில், 30 டிகிரிக்கு மேல் போகாத நீரில், மென்மையான சுழற்சியில், கொஞ்சம் திரவ சோப்பு விட்டுத் துவைக்கலாம். துணியை மெதுமெதுப்பாக்கும் கண்டிஷனர் வேண்டாம். இழைகளில் படலமாகப் படிந்து உப்பலைக் கெடுக்கும். நடுவில் சுழலும் தண்டு உள்ள மேல்கதவு மெஷினும் வேண்டாம், தையலை இழுத்துக் கிழித்துவிடும். பெரிய தொட்டியில் காலால் மிதித்துத் துவைப்பதே மேல். டவுனுக்குத் தனி சோப்பு வேண்டும், மூன்று நான்கு அலசல் வேண்டும். நனைந்த டவுன் பேக்கை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் நீரின் பாரத்தில் உள்ளறைத் தடுப்புகள் அறுந்துபோகும். இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். பிறகு குறைந்த சூட்டில் டிரையரில் டென்னிஸ் பந்துகளோடு மூன்று முதல் ஐந்து மணி நேரம் சுற்ற வேண்டும். அந்த அளவு பெரிய டிரையர் நம் ஊரில் எத்தனை வீடுகளில் இருக்கிறது? டவுன் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும் என்பது உண்மைதான். இந்தப் பராமரிப்பெல்லாம் முறையாக நடந்தால் மட்டும்தான்.

சிந்தெடிக்கின் குறை, அது சீக்கிரம் சோர்ந்துபோவது. ஒவ்வொரு முறை அமுக்கிக் கட்டும்போதும் இழைகள் கொஞ்சம் உடைகின்றன. அடிக்கடி பயன்படுத்தினால் நான்கைந்து வருடத்தில் உப்பல் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துவிடும். 5 டிகிரி பேக் 8 டிகிரி பேக்காக மாறியிருக்கும். அந்த நிலைக்கு வந்ததை விற்கவும் முடியாது. டவுன் பேக்குக்குப் பழைய விலையில் ஓரளவாவது கிடைக்கும். ஆயுளை நீட்ட வழி உண்டு. பயணத்தில் மட்டும் சின்ன உறையில் திணியுங்கள். கூடாரம் அடித்த கையோடு உருவி, உதறி, படுக்கும்வரை உப்ப விடுங்கள். ஒரே மடிப்பில் சுருட்டாமல் கால்மாட்டிலிருந்து கைக்கு வந்தபடி திணித்தால் மடிப்பு விழும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். வீட்டில் பழைய மெத்தை உறை போன்ற பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பாச்சா உருண்டை போட்டால் அதன் நெடியோடுதான் தூங்க வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். கிழிந்தால் சிந்தெடிக்கை எந்தத் தையல்காரரும் தைத்துக் கொடுப்பார். டவுனில் ஊசி போட்டால் அந்தத் துளை வழியாகவே தூவி வெளியேறும்; நைலான் ஒட்டுநாடாதான் ஒட்ட வேண்டும்.

எத்தனை டிகிரி வாங்குவது? பேக்கின் விவரச் சீட்டில் ஐ.எஸ்.ஓ 23537, அல்லது பழைய ஈ.என் 13537 என்ற தர எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். வசதியாகத் தூங்க முடிகிற வெப்பநிலையைச் சொல்வது கம்ஃபர்ட்; அந்த எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதற்கான எல்லை. அந்தக் குளிரில் தூக்கம் வராது. விலை குறைந்த பல பேக்குகளில் பெரிதாக '0 டிகிரி' என்று மட்டும் அச்சடித்திருக்கும், எந்த எண் என்று சொல்லாது. அப்போது எடையைப் பாருங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த சிந்தெடிக் பேக்கில் 0 டிகிரியில் வசதியாகத் தூங்க முடியாது.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கோத்தகிரி போன்ற இடங்களுக்கு, பனிக்காலம் தவிர்த்த மாதங்களில், கம்ஃபர்ட் 10 போதும். கொடைக்கானல் மேல்மலை, ஊட்டி என்றால் 5. டிசம்பர், ஜனவரியில் நீர்ப்பனி முடிந்து உறைபனி விழும் நாள்களில் ஊட்டி தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கத்துப் பள்ளங்களில் வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிந்து பள்ளத்தில் தேங்கும். அங்கே 0 டிகிரி பேக் வாங்குவதற்குப் பதிலாக, கூடாரத்தைப் பள்ளத்தின் அடியிலிருந்து கொஞ்சம் ஏற்றி, சரிவின் நடுப்பகுதியில் அடித்தாலே இரண்டு மூன்று டிகிரி மிச்சம். 5 டிகிரி பேக்குக்குள் ஓர் உள்ளுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு முழ வேட்டியைக் குறுக்கே இரண்டாக மடித்து, அகலத்தை 80 சென்டிமீட்டராக வெட்டி, இரண்டு ஓரமும் தைத்தால் உள்ளுறை தயார். வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதோடு நின்றுவிடும். பேக்கை அடிக்கடி துவைக்கத் தேவையில்லை.

டவுன் எங்கே ஜெயிக்கிறது? ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிந்து, காற்று காய்ந்த உறைபனி இரவுகளில் அது அருமையானது. அடுத்த வருடம் இமயமலைப் பக்கம் பல நாள் சுமந்து நடக்கத் திட்டம் இருந்தால் டவுனே வாங்குங்கள். பைக்கில் இடமே இல்லாதவருக்கும் அதுதான். டவுன் ஏற்கெனவே கையில் இருக்கிறவர் அதை ஒதுக்கத் தேவையில்லை. அதற்கு மேல் விலை குறைந்த, மெல்லிய, தளர்வான சிந்தெடிக் பேக் ஒன்றைப் போர்த்துங்கள். உடம்பு ஆவி டவுனைத் தாண்டி வெளியே உள்ள சிந்தெடிக்கில் போய் நீராகும். டவுன் உலர்ந்தே இருக்கும்.

எந்த பேக்காக இருந்தாலும் இரண்டைத் தவறவிடாதீர்கள். முதலாவது, அடியில் பாய். முதுகுக்கடியில் எந்தப் பஞ்சும் நசுங்கித்தான் போகும், அங்கே குளிரைத் தடுப்பது பாய் மட்டும்தான். ஆர் மதிப்பு (பாய் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண்) 2-ஐ ஒட்டிய ஃபோம் பாய் இந்த மலைகளுக்குச் சரி. இரண்டாவது, நீர் புகாத உறை. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. கல்லாறு, குஞ்சப்பணை சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள். மெல்லிய பாலிதீன் பைக்குப் பதில், வாயைச் சுருட்டி மூடும் தடித்த டிரை பேக் வாங்கிவிடுங்கள்.

கடையில் பார்க்கும்போது பேக்கைப் பிரித்து உதறச் சொல்லி, பத்து நிமிடம் உப்ப விடுங்கள். பிறகு உள்ளே படுத்து, ஜிப்பை உள்ளேயிருந்து ஒரு கையால் கழுத்துவரை இழுத்துப் பாருங்கள். துணியைக் கவ்வாமல் ஓட வேண்டும், ஜிப்புக்குப் பின்னால் விரல் தடிமனில் ஒரு பஞ்சுப்பட்டை முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். கால்விரல் நுனி துணியைத் தள்ளினால் நீளம் போதாது. கடைசியாக பேக்கை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். பஞ்சு மெலிந்த இடம் வெளுப்பாகத் தெரியும். கால்மாட்டிலோ நெஞ்சுப் பக்கத்திலோ அப்படித் தெரிந்தால் அதே மாடலில் வேறு ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள்.