தாம்பரமா, ஓ.எம்.ஆரா, அம்பத்தூர்-ஆவடியா? சென்னைப் புறநகரில் வீடு பார்க்கும் முன்

சென்னையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்றுதான். கேட்க வேண்டியதுதான், ஆனால் புறநகரைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் போக்குவரத்தும் தண்ணீரும் வந்து நிற்கின்றன. வண்டி ரிப்பேரான ஒரு நாளில் வேலைக்கு எப்படிப் போய்ச் சேருவீர்கள்? குழாயில் வருவது என்ன தண்ணீர்? நவம்பர், டிசம்பரில் கொட்டுகிற மழை உங்கள் தெருவிலிருந்து எந்தப் பக்கமாக வடிகிறது? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், வாடகையில் மிச்சம் பிடித்த பணம் லாரித் தண்ணீரிலும் ஆட்டோவிலும் போய்விடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோதான், அங்கேயே சில வருடங்கள் இருக்கப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு ஓ.எம்.ஆர்., அதாவது பழைய மகாபலிபுரம் சாலை, சரி. மற்ற எல்லோரும் ரயில் பாதையை ஒட்டிப் பாருங்கள், தெற்கே தாம்பரம் அல்லது மேற்கே அம்பத்தூர்-ஆவடி. போரூர்-பூந்தமல்லி பக்கத்தை இதில் சேர்க்கவில்லை, அது தனிக் கதை.

போக்குவரத்தில் தாம்பரத்தை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் எல்லாம் வளர்ந்ததே அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான். கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர் என்று வேலை இருக்கிற இடங்கள் பாதியை ஒரே பாதை தொட்டுக்கொண்டு போகிறது, டிக்கெட்டும் ஷேர் ஆட்டோவை விட மலிவு. பரங்கிமலையிலோ கிண்டியிலோ இறங்கினால் மெட்ரோ இருக்கிறது. மெட்ரோ தாம்பரம் வரை வரவில்லை, விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. புரோக்கர் "மெட்ரோ வரப்போகுது சார்" என்று சொல்லி வாடகையை ஏற்றினால் வரும்போது தருகிறேன் என்று சொல்லுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. காலையில் செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டி தாம்பரத்துக்கு வரும்போதே நிரம்பித்தான் வரும், தாம்பரத்திலிருந்து புறப்படுகிற வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். பத்து நிமிடம் முன்னால் வந்து நின்றால் தினசரி ஒரு மணி நேரம் நிற்காமல் போகலாம். ஆகவே கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்தில் வாடகை குறைவு என்று போகிறவர்கள் அந்த உட்காருகிற இடத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து போகட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலை என்று வண்டிகளை ரத்து செய்வது அடிக்கடி நடக்கும், அன்றைக்கு ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டில் பஸ்தான் கதி.

ஓ.எம்.ஆரில் ரயிலே கிடையாது. பறக்கும் ரயில் தரமணி, பெருங்குடி, வேளச்சேரி என்று வடக்கு ஓரத்திலேயே திரும்பிவிடுகிறது, துரைப்பாக்கம் தாண்டினால் ரோடுதான் எல்லாம். பிராட்வேயிலிருந்து கேளம்பாக்கம் போகிற 102, கோயம்பேட்டிலிருந்து வருகிற 570 மாதிரி பஸ்கள் உண்டு, கம்பெனி கேப் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே ரோட்டில்தான் நிற்க வேண்டும். அந்த ரோட்டிலேயே மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வருகிற பாதை அது, முடிந்தால் இந்தப் பக்கத்தின் தலையெழுத்தே மாறும், நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன். அதுவரை அளந்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், ரோடு காலியாக இருக்கும், ஆபீஸ் இருபது நிமிடம்தான் என்று நம்பிவிடுவீர்கள். வார நாளில் சாயங்காலம் ஆறரை மணிக்கு சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று, நீங்கள் போக வேண்டிய பஸ்ஸில் ஏறி, வீடு இருக்கிற தெரு வரை போய்ப் பாருங்கள். அந்தப் பயணம் பிடித்திருந்தால் வீட்டையும் பிடிக்கும்.

ஒரு நல்ல செய்தி, ஆறு வழிச் சாலைப் பகுதியில் இருந்த சுங்கச்சாவடிகள் 2021-லும் நாவலூர் சாவடி 2023-லும் வசூலை நிறுத்திவிட்டன. பழைய கணக்கை வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

அம்பத்தூர்-ஆவடி பக்கம் ரயில் நன்றாகவே இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகிற பாதை, திருவள்ளூர் வரை நான்கு தண்டவாளம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், வேலை என்றால் பட்டரவாக்கத்தில் இறங்கலாம். பட்டாபிராமில் 2024-ல் டைடல் பார்க் திறந்த பிறகு ஐ.டி. வேலைக்காரர்களும் இந்தப் பக்கம் வீடு தேடுகிறார்கள். குறை எங்கே என்றால், இந்தப் பாதை உங்களை சென்ட்ரலில் கொண்டு போய் விட்டுவிடும். கிண்டிக்கோ தி.நகருக்கோ போக வேண்டும் என்றால் அங்கிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து இன்னொரு ரயில், அல்லது மெட்ரோ. ஆவடியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய் வருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். உடம்பு தாங்காது.

ரோடு வழி போகிறவர்களுக்கு ஒரே சி.டி.எச். (சென்னை-திருவள்ளூர் ஹை) ரோடுதான். பாடியில் ஆரம்பித்து டன்லப், அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயில், ஆவடி என்று கடைகளும் பஸ்களும் லாரிகளும் ஒன்றாகப் போகிற ரோடு. ஆனால் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகிற வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி பக்கமாகத்தான் போகிறது, ஊருக்குக் காரில் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

ஊருக்குப் போவது என்றதும் அதையும் சேர்த்து முடிவு பண்ணுங்கள். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் பக்கத்துக்காரர்களுக்குத் தாம்பரம்தான் வாசல், தென்மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்கும், 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் பக்கம். அதே கிளாம்பாக்கம் அம்பத்தூர்க்காரருக்கு மூட்டை முடிச்சோடு அரை நகரம் தாண்டிப் போகிற வேலை. கோவை, சேலம், வேலூர் பக்கத்தவர்கள் அம்பத்தூரை யோசிக்கலாம், மேற்கே போகிற பல ரயில்கள் பெரம்பூரில் நிற்கின்றன. வயதான அப்பா அம்மா வந்து போகிற வீடு என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

இனி தண்ணீர். ஓ.எம்.ஆரில் கடலும் பக்கிங்காம் கால்வாயும் பக்கத்திலேயே இருப்பதால் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-லிருந்து இருக்கிறது, 2024-ல் நாளுக்கு 15 கோடி லிட்டர் தருகிற இரண்டாவது நிலையமும் வந்தது, ஆனால் குழாய் எல்லாத் தெருவுக்கும் வந்துவிடவில்லை. பெரிய அடுக்குமாடிகள் பல இன்னும் லாரியை நம்பித்தான் இருக்கின்றன, அந்தச் செலவு மெயின்டெனன்ஸ் என்ற பெயரில் உங்கள் தலையில் வரும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது இங்கே சில கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை மறக்க வேண்டாம். வாடகையைக் கேட்கும்போதே, மெயின்டெனன்ஸ் தனியா, கோடையில் லாரிக்குத் தனியாகப் பிரிப்பார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தாம்பரம் கிழக்கில் சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். ஒரு தெருவில் போர் தண்ணீரில் சோறு வடிக்கலாம், அடுத்த தெருவில் பக்கெட் மஞ்சளாகிவிடும். அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் 2011-லேயே வந்துவிட்டதால் மெட்ரோ வாட்டர் இணைப்பு கிடைக்கிற தெருக்கள் உண்டு. ஆனால் எஸ்டேட்டை ஒட்டிய இடங்களில் போர் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள், தொழிற்சாலைக் கழிவு கொரட்டூர் ஏரியில் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிரச்சினை.

வீட்டுக்குள் போனதும் செய்ய வேண்டியது: பாத்ரூம் குழாயின் மூக்கைப் பாருங்கள், வெள்ளையாகப் பொரிந்து போயிருந்தால் உப்பு. கொஞ்சம் தண்ணீரைக் கையில் பிடித்து சோப்புப் போடுங்கள், நுரை வரவில்லை என்றால் வாஷிங் மெஷினும் கீஸரும் சீக்கிரம் போகும். ஒரு டம்ளரில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள், இரும்புத் தண்ணீர் என்றால் அடியில் படிய ஆரம்பித்திருக்கும். அப்புறம் வெளியே வந்து காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். புதிதாக பெயின்ட் அடித்த சுவரில் முட்டி உயரத்துக்கு ஒரு கறை மறுபடி மேலே வந்திருந்தால் அது மழை வெள்ளம் நின்ற அளவு. வீட்டு எண்ணெழுதிய பழைய இ.பி. மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, எப்போது மேலே ஏற்றினார்கள் என்று பாருங்கள். தெருமுனையில் அயர்ன் பண்ணுகிறவர், மளிகைக் கடைக்காரர் இவர்களிடம் கேளுங்கள். "மிக்ஜாம் புயல் அன்னிக்கு இந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி நின்னுச்சு?" என்றால் கையைக் காலில் வைத்துக் காட்டிவிடுவார்கள். புரோக்கரைக் கேட்டால் தண்ணீர் எப்போதும் அடுத்த தெருவில்தான் நின்றிருக்கும்.

வெள்ளத்தில் எந்தப் பக்கமும் தப்பவில்லை, ஆனால் எங்கே நிற்கும் என்பது கொஞ்சம் கணக்குப் போட்டால் தெரியும். தாம்பரம் மேற்கில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்றின் பாதையில் இருக்கின்றன, ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பினால் உபரி அந்த வழியாகத்தான் வர வேண்டும். 2015-லும் 2023 டிசம்பரிலும் அங்கே படகு விட்டார்கள். தாம்பரம் கிழக்கும் மேற்கும் ஒன்றில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். ஓ.எம்.ஆர். பக்கம், தென்சென்னையின் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலில் கலக்க வேண்டும். வழி குறுகலாகிவிட்டது, சதுப்பு நிலமும் பழைய அளவில் இல்லை, அதனால் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, துரைப்பாக்கத்தின் உள்தெருக்கள் மாட்டிக்கொள்கின்றன. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு வரும், நடுவில் இருக்கிற தாழ்வான தெருக்களும் எஸ்டேட்டும் மிக்ஜாமில் மூழ்கின.

பெருங்குடி குப்பைக் கிடங்கைச் சுற்றி வீடு பார்க்கிறவர்கள் ஒரு தடவை ராத்திரியிலும் போய் நின்று பாருங்கள். காற்று திரும்பும்போது பால்கனிக் கதவைத் திறக்க முடியாது.

அலுவலக விஷயம் சுருக்கமாக. சோழிங்கநல்லூரும் அம்பத்தூரும் சென்னை மாநகராட்சி, குப்பை அள்ளவில்லை என்றால் 1913-க்குப் போன் போடலாம். ஆவடி 2019-லிருந்தும் தாம்பரம் 2021-லிருந்தும் தனித்தனி மாநகராட்சிகள். ஓ.எம்.ஆரில் செம்மஞ்சேரி தாண்டி நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் எல்லாம் ஊராட்சி, அடுக்குமாடி எத்தனை மாடி இருந்தாலும் தெருவிளக்குக்கும் ரோட்டுக்கும் ஊராட்சி அலுவலகம்தான். பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்கள் மூன்று பக்கமும் நிறைய, செப்டிக் டேங்க் லாரிக் காசு யார் பொறுப்பு என்று முன்னாலேயே பேசிவிடுங்கள்.

பணம். மூன்றில் ஆவடி, பட்டாபிராம் பக்கம் வாடகை குறைவு, தாம்பரம் நடுவில், ஓ.எம்.ஆர். அதிகம். ஓ.எம்.ஆரில் நீச்சல் குளம், ஜிம், பவர் பேக்கப் எல்லாம் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள், சின்னக் குழந்தைகள் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த வளாகங்கள் பாதுகாப்பு என்பதை நான் மறுக்க மாட்டேன். அட்வான்ஸ் விஷயத்தில் உறுதியாக இருங்கள். வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ம் வருடத்துச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு ஒத்துக்கொண்டால் ஒழிய. அதை விட அதிகம் கேட்பார்கள், பேசிக் குறைக்க முடியும். அட்வான்ஸைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காலி பண்ணும்போது பெயின்ட் செலவு என்று இரண்டு மாத வாடகையை இழந்தது, கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கரண்டுக்கு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டோ பத்தோ வாங்குகிற வீடுகளில் அரசு தருகிற முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வராது, தனி மீட்டர் இருக்கிற வீடாகப் பாருங்கள்.

கணவனுக்குச் சிறுசேரி, மனைவிக்குக் கிண்டி என்று எதிரெதிரே வேலை இருக்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு நான் சொல்வது மேடவாக்கம். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி தூரம், தாம்பரத்துக்கும் பஸ் உண்டு, பரங்கிமலையிலிருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூருக்கு வருகிற மெட்ரோ பாதையும் கட்டப்படுகிறது. அந்த வேலை முடியும்வரை மெயின் ரோட்டு நெரிசலைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அதனால் மெயின் ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு எடுங்கள். பெரும்பாக்கம் பக்கம் இறங்கிப் போகிற தெருக்களில் தரைத்தளம் மட்டும் வேண்டாம்.