குன்னம் கறுப்பு கிரானைட்: சமையல் மேடைக்கு எப்படி?

திண்டிவனம் பக்கம் குன்னத்தில் வெட்டியெடுக்கும் இந்தக் கல்லைக் கடைகளில் கிரானைட் என்றே விற்கிறார்கள். உண்மையில் இது டோலரைட். பழைய பாறையின் வெடிப்புக்குள் பாறைக்குழம்பு ஊடுருவி, சுவர்போல நின்று உறைந்த கல். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் இதில் அநேகமாகக் கிடையாது, ஃபெல்ஸ்பார், பைராக்சீன் என்ற கனிமங்கள்தான். கனிம மணிகள் பொடியாக, நெருக்கமாக இருப்பதால் பாலிஷ் அருமையாக ஏறும், எண்ணெயும் மஞ்சளும் எளிதில் உள்ளே இறங்காது. சமையல் மேடைக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

ஸ்லாபில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். கல் இறுகிய பிறகு, வெடித்த இடத்தில் வேறு கனிமம் புகுந்து அடைத்த தடம் அது. விரிசல்தான் ஆபத்து. நகத்தைக் கோட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், இடறினால் சந்தேகப்படுங்கள். பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். சுற்றிலும் காய்ந்த பின்னும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது விரிசலே. பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: கல் உடையாமல் பிடிக்க ஒட்டும் வலை இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வெறும் வெள்ளைக் கோடு என்றால், சிங்க் வெட்டும் இடத்தில் வராதபடி அளவு குறிக்கச் சொல்லி, விலையையும் குறைத்துக் கேட்கலாம்.

சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியை அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கும் திரவம்) நனைத்து அழுத்தித் தேய்த்தால் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். நல்ல கல்லில் துணி வெள்ளையாகவே இருக்கும்.

20 மி.மீ. கனம் வாங்குங்கள். சதுர அடிக்கு ஐந்தரை கிலோ வரும் என்பதால் அடியில் தாங்கல் சரியாக இருக்க வேண்டும். சிங்க் துளையின் மூலைகளைச் சதுரமாக வெட்டவே விடாதீர்கள். கூர்மூலையில்தான் விரிசல் பிடிக்கும், வளைத்தே வெட்டச் சொல்லுங்கள். அடுப்பைப் பதிக்கிறீர்களானால் முன்பக்கம் மிஞ்சும் பட்டை மிகக் குறுகலாக இருக்கக் கூடாது. தூக்கிவரும்போதே ஒடியும்.

குறை ஒன்று உண்டு. போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அன்றாடம் உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை மட்டும் இதில் ஊற்றாதீர்கள். பாலிஷ் மங்கிவிட்டால் மிஷின் வைத்துத் திரும்பத் தேய்க்கத்தான் வேண்டும்.