ஃபார்ம்ஜிகேபி தளம்: பன்னிரண்டு வருடம் பயன்படுத்தியவளின் கருத்து

போன மாதம் எங்கள் குடிநோய்ப் பிரிவுக்கு ஒரு அம்மா மகனோடு வந்தார். கையில் வழவழ தாளில் அச்சிட்ட மரபணு அறிக்கை. தனியார் நிறுவனம் ஒன்று அவன் எச்சிலை வாங்கிச் சோதித்துக் கொடுத்தது. "நால்ட்ரெக்சோன் இவனுக்கு வேலை செய்யாதுன்னு போட்டிருக்கே, டாக்டரம்மா?" என்றார். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மாத்திரை அது. சிவப்புக் கட்டத்துக்குள் ஓபிஆர்எம்1 மரபணு; மூளையில் நால்ட்ரெக்சோன் போய் ஒட்டும் ஏற்பியை உருவாக்குவது அதுதான். என் முனைவர் பட்ட ஆய்வே அதில்தான். உடனே ஃபார்ம்ஜிகேபியைத் திறந்தேன்.

எந்த மரபணு மாற்றம் எந்த மருந்தின் வேலையை மாற்றுகிறது என்று ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தொகுக்கும் தளம் இது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2000-இல் தொடங்கியது. இப்போது கிளின்பிஜிஎக்ஸ் என்ற பெயருக்குள் வந்துவிட்டது. காசு கிடையாது.

எனக்கு இதில் பிடித்ததே அந்தத் தரவரிசைதான். சான்று உறுதியாக இருந்தால் 1ஏ, தேறாவிட்டால் 4. கோடீன் என்ற வலி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிஒய்பி2டி6 நொதிதான் அதை மார்ஃபினாக மாற்றுகிறது. நொதி வேலை செய்யாதவருக்கு வலி குறையாது. மிதமிஞ்சி வேலை செய்பவருக்கு மூச்சே அடங்கிப் போகலாம். அது 1ஏ. அங்கே பார்த்துவிட்டுத் தைரியமாக மருந்தை மாற்றலாம்.

ஓபிஆர்எம்1 கதை வேறு. 2008-இல் வந்த ஆய்வில், அந்த மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களில் நால்ட்ரெக்சோன் எடுத்த 87 சதவீதம் பேருக்கு நல்ல பலன்; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 49 சதவீதம்தான். அந்த எண்ணை நம்பித்தான் நான் ஆய்வில் இறங்கினேன். 2015-இல், முன்கூட்டியே மரபணுவைப் பார்த்துப் பிரித்து நடத்திய சோதனையில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை முழுக்கத் திரும்ப எழுதினேன். அழுகைகூட வந்தது. ஆனால் ஆதரவான கட்டுரையையும் எதிரானதையும் பக்கத்தில் பக்கத்தில், எத்தனை பேர், எந்த இனத்தவர் என்ற விவரத்தோடு வைக்கும் இடம் இருந்ததால்தான் என் முடிவைத் திருத்திக்கொள்ள முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. நட்சத்திரக் குறியிட்ட மரபணுப் பெயர்கள் புதிதாக வரும் மாணவர்களுக்குத் தலை சுற்ற வைக்கும். ஒரு வாரம் யாராவது கூட உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அடிமைநோய்ப் பக்கங்களில் நம் மக்களிடம் நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு. அது தளத்தின் தவறு அல்ல, எங்களைப் போன்றவர்கள் செய்யவேண்டிய வேலை.

சரி, அந்த அம்மாவுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினேன். "இது இன்னும் உறுதியாகாத விஷயம்மா, இதை வைத்து மாத்திரையை ஒதுக்கக் கூடாது" என்றேன். பையனின் ஈரல் பரிசோதனை சரியாக இருந்தது, ஓபியாய்டு (மார்ஃபின், கோடீன் போன்ற) மருந்து எதுவும் எடுக்கவில்லை, அவனுக்கும் விருப்பம். தினம் 50 மில்லிகிராம் தொடங்கியிருக்கிறோம். வியாழக்கிழமைதோறும் வருகிறான்.