தங்கையின் கருக்காலப் பரிசோதனைகளும் ஊரில் கண்ட சேவைகளும்

39 வயதில் முதன்முறையாகக் கருவுற்றிருந்த என் தங்கைக்குத் துணையாக இருப்பதற்காகவே இம்முறை இங்கிலாந்திலிருந்து இந்தியாவிலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றேன். அண்ணனின் மகளுக்கு நான்கு வயது. அவளுக்கு, 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. ஆகவே கருவிலேயே குரோமோசோம் கோளாறுகளைத் தேடும் பரிசோதனைகளையும், அப்படியொரு குழந்தை பிறந்த பிறகு கிடைக்கும் சேவைகளையும் ஒரே பயணத்தில் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பரிசோதனைகள் ஊரில் தாராளமாகவும் விரைவாகவும் கிடைக்கின்றன, அவற்றின் முடிவை உட்கார வைத்து விளக்கக்கூடிய ஒருவரைத்தான் நாமாகத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாவது வாரத்தில் என்.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கருவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது மட்டுமே கழுத்தின் பின்புறமுள்ள நீர்ப்படலத்தை அளக்க முடியும் என்பதால், இந்த ஸ்கேனுக்கான காலம் ஏறத்தாழ 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை மட்டுமே. மறுநாளே நேரம் கொடுத்தது எனக்கு வியப்பாக இருந்தது. குழந்தை தோதாகத் திரும்பாததால், ஸ்கேன் செய்த மருத்துவர் அவசரப்பட்டு ஏதோ ஓர் அளவைக் குறித்துக்கொள்ளாமல், தங்கையைச் சிறிது நேரம் நடந்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்ததும் மூன்று முறை அளந்தார். 1.9 மில்லிமீட்டர், மூக்கெலும்பு தெரிகிறது என்றார். அந்தப் பொறுமைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் இந்த அளவில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

அதன்பின் டபுள் மார்க்கர் எனப்படும் இரத்தப் பரிசோதனை. இதில் பாப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டு பொருட்களின் அளவைப் பார்த்து, அதைத் தாயின் வயது, எடை, கரு வளர்ச்சி, என்.டி. அளவு ஆகியவற்றோடு சேர்த்து, கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற கோளாறு இருக்கும் வாய்ப்பை ஒரு மென்பொருள் கணக்கிடுகிறது. மாதிரி எடுத்த ஊழியர் படிவத்தை நிரப்பும்போது, எடை என்ற கட்டத்தில் முந்தைய மாதத்துப் பதிவேட்டிலிருந்த எண்ணையே பார்த்து எழுதத் தொடங்கினார். தங்கை தானாகவே எழுந்து சென்று எடை இயந்திரத்தில் ஏறி நின்றாள். எடை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், செயற்கைக் கருத்தரிப்பா இயற்கையாகவா என்ற கேள்வி ஆகியவை வெறும் அலுவலகச் சடங்குகள் அல்ல. கணக்கில் நேரடியாக நுழைபவை. தானமாகப் பெற்ற முட்டையில் உருவான கருவென்றால் தாயின் வயதை விட்டுவிட்டு, முட்டை எடுக்கப்பட்டபோது தானமளித்தவருக்கு இருந்த வயதைத்தான் எழுத வேண்டும். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

முடிவு மறுநாள் மாலை வாட்ஸ்அப்பில் வந்தது. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே, வரவேற்பறை எண்ணிலிருந்து, ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் ஒரு பி.டி.எஃப். கோப்பு. "டிரைசோமி 21: ஹை ரிஸ்க், 1:210" என்று சிவப்பெழுத்தில் இருந்தது. டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு அதிகம், 210-இல் ஒன்று என்று பொருள். அன்றிரவு வீட்டில் யாரும் சரியாக உறங்கவில்லை. அந்த ஆய்வகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் இந்தச் செய்தியை இப்படி அனுப்புவது எந்த ஆய்வகம் செய்தாலும் தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த எண்ணை நிதானமாகப் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. 39 வயதுத் தாய்க்கு, எந்தப் பரிசோதனையும் செய்யாமல் வயதை மட்டும் வைத்துப் பார்த்தால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 140-இல் ஒன்று. ஆக, 210-இல் ஒன்று என்ற முடிவு அவளுடைய வயதுக்குரிய வாய்ப்பைக் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது. சிவப்பெழுத்துக்குக் காரணம், ஊரிலுள்ள பல ஆய்வகங்கள் 250-இல் ஒன்று என்பதை எல்லைக்கோடாக வைத்திருப்பதே. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் அந்த எல்லை 150-இல் ஒன்று. இதே இரத்தத்தையும் இதே ஸ்கேனையும் வைத்து அங்கே கணக்கிட்டிருந்தால், வாய்ப்பு குறைவு என்ற கடிதம் வீட்டுக்கு வந்திருக்கும். எந்த எல்லை சரி என்று நான் வாதிடவில்லை. எல்லைக்கோட்டை 150-இல் ஒன்றிலிருந்து 250-இல் ஒன்றுக்குத் தாழ்த்தினால் கூடுதலான குழந்தைகளை முன்கூட்டியே கண்டறியலாம், அதற்கு ஈடாகக் கூடுதலான தாய்மார்கள் வீணாகக் கலங்குவார்கள். ஆனால் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதையாவது சொல்ல வேண்டாமா?

மகப்பேறு மருத்துவர் நல்லவர், திறமையானவர். ஆனால் வெளியே காத்திருந்த கூட்டத்தில் அவரால் ஒதுக்க முடிந்தது சில நிமிடங்கள்தான். அடுத்து என்.ஐ.பி.டி. என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை எடுக்கலாம், அல்லது கருவைச் சுற்றியுள்ள நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் பனிக்குட நீர் பரிசோதனைக்கு நேராகப் போகலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எதுவுமே செய்யாமல் கர்ப்பத்தைத் தொடர்வதும் ஒரு வழி என்பதை அவர் சொல்லவில்லை; நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு, பக்கத்துப் பெருநகரத்திலுள்ள ஒரு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஆலோசகர் முதலில் அறிக்கையைத் தொடவே இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பதினைந்து வரிசை, வரிசைக்குப் பதினான்கு புள்ளிகள் என்று பொறுமையாக வைத்து முடித்து, அவற்றில் ஒன்றை மட்டும் பேனாவால் வட்டமிட்டார். "இதுதான் உங்கள் அறிக்கை. மற்ற 209 புள்ளிகளும் இந்தக் கோளாறு இல்லாத குழந்தைகள்" என்றார். தங்கை அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு வயது ஏன் கணக்கில் வருகிறது என்பதை விளக்கினார். ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. அவை குரோமோசோம்களைப் பங்கிடும் வேலையைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, முட்டை வெளிவரும் மாதம் வரை அப்படியே காத்திருக்கின்றன. 39 வயதில் வெளிவரும் முட்டை 39 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த முட்டை. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோஹெசின் என்ற புரதம் அந்த நீண்ட காலத்தில் தேய்ந்துபோவதால், பங்கிடும் நேரத்தில் ஒரு குரோமோசோம் கூடுதலாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தாய் உண்டதோ, தூக்கியதோ, செய்யாமல் விட்டதோ இதற்குக் காரணமல்ல. 20 வயதில் ஏறத்தாழ 1,500-இல் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, 35-இல் 350-இல் ஒன்றாகவும், 40-இல் 100-இல் ஒன்றாகவும், 45-இல் 30-இல் ஒன்றாகவும் உயர்வது இதனால்தான். அதே சமயம், எல்லாக் குரோமோசோம் கோளாறுகளும் வயதோடு சேர்ந்து வருவதில்லை; ஓர் எக்ஸ் குரோமோசோம் குறைவாக இருக்கும் டர்னர் சிண்ட்ரோமுக்கும் தாயின் வயதுக்கும் தொடர்பில்லை என்றார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று அவர் கேட்டபோது அண்ணன் மகளைப் பற்றிச் சொன்னோம். அவள் பிறந்தபோது அண்ணிக்கு வயது 27. உடனே ஆலோசகர் அந்தக் குழந்தையின் கேரியோடைப் அறிக்கை, அதாவது குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் காட்டும் அறிக்கை, வேண்டும் என்றார். காரணம் இதுதான்: டவுன் சிண்ட்ரோமில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்கு 21-ஆம் குரோமோசோம் தனியாக மூன்றாவதாக இருக்கும், இது தற்செயலாக நேர்வது. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மட்டும் அந்தக் கூடுதல் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிய வகையைப் பெற்றோரில் ஒருவர் எந்த அறிகுறியுமின்றிச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். அண்ணன் அப்படிச் சுமப்பவராக இருந்தால், அவரோடு பிறந்த தங்கையும், ஏன், நானும்கூடச் சுமக்கக்கூடும். அப்போது வயதை வைத்துப் போட்ட கணக்கெல்லாம் பொருளற்றதாகிவிடும்.

அண்ணிக்குத் தொலைபேசினோம். கோப்பைத் திறந்து படம் எடுத்து அனுப்பினார்: 47, எக்ஸ்எக்ஸ், கூட்டல் 21. தனிக் குரோமோசோம், பரம்பரையாக வந்ததல்ல. பிறந்தவுடன் உள்ளங்கைக் கோட்டையும் தளர்ந்த தசைகளையும் பார்த்தே குழந்தை மருத்துவர் ஊகித்துவிட்டாராம். பார்த்தாலே தெரிகிறதே, பரிசோதனை எதற்கு என்று உறவினர் சிலர் தடுத்தும், அண்ணி விடாமல் இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை இருக்கும் குடும்பங்களில் பலரிடம் இந்த ஒற்றைத்தாள் இல்லை என்று ஆலோசகர் வருத்தத்துடன் சொன்னார்.

தங்கை என்.ஐ.பி.டி. கொடுத்தாள். தாயின் இரத்தத்தில் மிதக்கும் கருவின் டி.என்.ஏ. துணுக்குகளை மருத்துவ விஞ்ஞானி டென்னிஸ் லோவின் குழுவினர் 1997-இல் கண்டறிந்ததிலிருந்து வளர்ந்த பரிசோதனை இது. டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99-க்கு மேல் கண்டுபிடித்துவிடும். ஆனால் அந்தத் துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை என்பதால், கோளாறு இருக்கிறது என்று முடிவு வந்தால் பனிக்குட நீர் பரிசோதனையில் உறுதிசெய்யாமல் எதையும் தீர்மானிக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே கொடுத்தார்கள். கருவின் பாலினத்தை எவ்வகையிலும் தெரிவிக்கக் கூடாது என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அறிவிப்புப் பலகை நாங்கள் சென்ற ஒவ்வொரு ஸ்கேன் அறையிலும் இருந்தது. நாள்களை எண்ணிப் பார்த்துச் செயல்பட வேண்டியதன் காரணத்தையும் அங்கே மறைக்காமல் சொன்னார்கள். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 24 வாரங்களைக் கடந்துவிட்டால், கருக்கோளாறைக் காரணமாகக் கொண்டு கர்ப்பத்தைக் கலைக்க, அது கடுமையானது என்று மருத்துவ வாரியம் கூறினால் மட்டுமே அனுமதி உண்டு. பனிக்குட நீர் பரிசோதனை 15 வாரத்துக்குப் பிறகே செய்ய முடியும், முழு முடிவுக்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், இருபதாவது வாரத்தில் முதல் பரிசோதனைக்கு வருபவர்களுக்கு யோசிக்க நேரமே இருப்பதில்லை.

முடிவுக்காகக் காத்திருந்த நாள்களில் அண்ணியோடு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சென்றேன். 2013-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் இந்த மையத்தில் இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சியாளர் உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்து, முதலில் நீளமாகவும், பிறகு வெட்டிக் குட்டையாகவும் கொடுத்துக் குழந்தையை உறிஞ்சச் செய்தார். வாய்க்குள் போகும் குழல் குறையக் குறைய உதடுகள் இறுக மூட வேண்டியிருக்கும், அந்தத் தசைகளே பின்னர் ப, ம போன்ற ஒலிகளுக்கு வேண்டியவை என்றார். மூன்றாவது துண்டில் குழந்தை சிரித்துவிட்டாள். தண்ணீர் முழுவதும் அவர் மடியில் கொட்டியது. அவர் துடைத்துக்கொண்டு நான்காவது துண்டை வெட்டினார்.

குறையென்று சொன்னால், எல்லாவற்றையும் இணைக்கும் பொறுப்பு தாயின் தலையில் விழுகிறது. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும் என்பதால் பிறந்தவுடன் எக்கோ எனப்படும் இதய ஸ்கேன், ஆண்டுதோறும் தைராய்டு, அவ்வப்போது காது, கண் என்று நீளும் அட்டவணையை அண்ணி ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் தாமே கோடு போட்டு வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் குழந்தையின் உடல்நலக் கையேட்டிலேயே இதற்கெனத் தனிப் பக்கங்களைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அச்சிட்ட சில தாள்களுக்குப் பெரிய செலவாகாது.

என்.ஐ.பி.டி. முடிவு வந்தபோது, தங்கையின் வேண்டுகோளின்படி அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. ஆலோசகரே தொலைபேசியில் அழைத்து, வாய்ப்பு குறைவு, இனி பல ஆயிரங்களில் ஒன்று என்றார். பனிக்குட நீர் பரிசோதனையால் கரு கலையும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவே என்றாலும், தங்கை அது வேண்டாம் என்று முடிவெடுத்தாள். அதை அவர் குறித்துக்கொண்டு, முதல் அறிக்கையில் நாங்கள் எவரும் கவனிக்காத ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார். பாப்-ஏ அளவு வழக்கமான நடு அளவில் 0.39 பங்கு மட்டுமே இருந்தது. குரோமோசோம் சரியாக இருக்கும்போதும் இந்த அளவு இவ்வளவு குறைந்திருந்தால், நஞ்சுக்கொடி பின்னாளில் தளர்ந்து குழந்தையின் வளர்ச்சி குன்றவும் தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறவும் வாய்ப்புண்டு. 39 வயதில் முதல் கர்ப்பம் என்பதும் அதோடு சேர்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் பேசி, பதினாறு வாரம் முடிவதற்குள் குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடங்க வைத்தார். 28-ஆம் வாரத்திலிருந்து வளர்ச்சி ஸ்கேன்களுக்குத் தேதியும் குறித்துக் கொடுத்தார். சிவப்பெழுத்துக்குக் கீழே, கறுப்பில், சிறிய எழுத்தில் இருந்த வரி அது.