சிம்ப்சன்ஸ்: சந்தா கட்டலாமா என்று கேட்ட நண்பனுக்கு

ஓடிடி சந்தா விலையைக் குறைத்திருக்கிறார்கள், சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடருக்காக ஒரு வருடத்துக்குக் கட்டலாமா என்று நண்பன் கேட்டான். கூடவே, "அது சின்னப் பசங்க கார்ட்டூன்தானே, இந்த வயசுல நீ ஏன் இன்னும் பார்க்கிற?" என்றும் கேட்டான். முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். இரண்டாவதுக்குத்தான் இவ்வளவும்.

மஞ்சள் தோல், ஸ்பிரிங்ஃபீல்டு ஊர், ஹோமர், மார்ஜ், பார்ட், லிசா, மேகி என்று மூன்று பிள்ளைகள். ஒரு எபிசோடுகூடப் பார்க்காதவர்களுக்கும் இது தெரியும். 1989 டிசம்பரில் தொடங்கி, 750 எபிசோடுகளைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. கேபிள் காலத்தில் பார்த்தபோது எனக்குப் பார்ட் ஒருவன் போதும். தலைமையாசிரியரைப் படுத்தும் பாடு, மோவின் பாருக்கு போன் போட்டு இல்லாத ஆளைக் கூப்பிடச் சொல்லும் குறும்பு, அதுதான் அன்றைக்கு சிம்ப்சன்ஸ். இப்போது கண் ஹோமர் மேல்தான் போகிறது. அவன் வயது நாற்பதைத் தாண்டவே இல்லை. நான் அவனைத் தாண்டிவிட்டேன்.

பெரியவர்களுக்கு இந்தக் குடும்பம் ஏன் பிடிக்கிறது என்று யாராவது கேட்டால், 1995இல் வந்த ஒரு எபிசோடைப் பார்க்கச் சொல்வேன். ஹோமருக்கு அணுமின் நிலைய வேலை சுத்தமாகப் பிடிக்காது. கடனெல்லாம் அடைந்த அன்றே வேலையை விடுகிறான். சும்மா விடவில்லை, முதலாளி பர்ன்ஸின் வழுக்கைத் தலையில் தாளம் போட்டுவிட்டுக் கிளம்புகிறான். அப்புறம் அவன் ஆசைப்பட்ட இடமான பௌலிங் கூடத்தில் சேர்கிறான். சம்பளம் குறைவு, ஆனால் சந்தோஷமாக இருக்கிறான். அந்த நேரம் பார்த்து மார்ஜ் மூன்றாவதாக உண்டாகிறாள். அந்தச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்க்க முடியாது. பழைய இடத்துக்கே போய்க் கெஞ்சுகிறான். பர்ன்ஸ் வேலையைக் கொடுத்துவிட்டு, அவன் உட்காரும் இடத்துக்கு எதிரே ஒரு பலகையை மாட்ட வைக்கிறார்: மறந்துவிடாதே, நீ காலம் முழுக்க இங்கேதான்.

கதை தொடங்குவது வேறொரு கேள்வியில். வீட்டு ஆல்பத்தில் கடைக்குட்டி மேகியின் படம் ஏன் ஒன்றுகூட இல்லை? கடைசிக் காட்சி ஹோமரின் வேலையிடத்துக்குப் போகிறது. மேகியின் படங்கள் எல்லாம் அங்கே, அந்தப் பலகையின் மேலும் சுற்றிலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. சில எழுத்துகளைப் படங்கள் மறைத்துவிட, மிஞ்சியவை "அவளுக்காகச் செய்" என்று நிற்கின்றன.

பத்து வயதில் இதைப் பார்த்தால் தலையில் தாளம் போட்டதுதான் ஞாபகம் இருக்கும். வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவனுக்கு அந்தப் பலகை போதும். 1997இல் ஒரு எபிசோடில் ஹோமரின் சக ஊழியனாக வந்த ஃபிராங்க் கிரைம்ஸும் அப்படித்தான். சிறு வயதிலிருந்து உழைத்துத் தேய்ந்த மனிதன். இரண்டு பௌலிங் கூடங்களுக்கு நடுவில் ஒரு அறையில் குடியிருக்கிறான். ஒன்றும் தெரியாத ஹோமருக்குச் சொந்த வீடும் குடும்பமும் அமைந்திருப்பதை அவனால் தாங்கவே முடியவில்லை. அந்த ஆத்திரத்திலேயே செத்தும் போகிறான். அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துப் புழுங்கியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மார்ஜும் ஒரு நாள் பாலத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறாள், ஊரே ஸ்தம்பிக்கிறது. என் மனைவி இந்தத் தொடரில் முழுசாகப் பார்த்த எபிசோடு அது ஒன்றுதான்.

சரி, இனி எரிச்சல். இவர்களுக்கு வயதாகாது என்பதில் எனக்குப் புகார் இல்லை. பழைய நினைவுகளையும் மாற்றிவிடுகிறார்களே, அதுதான் பொறுக்க முடியவில்லை. 1991இல் வந்த எபிசோடில் ஹோமரும் மார்ஜும் சந்தித்தது 1974இல், பள்ளிக் கடைசி வருடத்தில். 2008இல் வந்த எபிசோடில் அவர்கள் தொண்ணூறுகளில் காதலிக்கும் இளம் ஜோடி. நியாயமாகப் பார்த்தால் எழுதுகிறவர்களுக்கும் வேறு வழியில்லை. 1974இல் பள்ளி முடித்தவனுக்கு இன்று எழுபதை ஒட்டிய வயது, அவன் மகன் இன்னும் நான்காம் வகுப்பிலேயே இருக்க முடியாது. ஆனால் வருடத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே? அந்தப் பள்ளி நாட்களை நம்பித்தானே இந்த இருவர் மேல் பாசம் வைத்தோம்?

இதே கோளாறு வேலை விஷயத்திலும் வந்துவிட்டது. பின்னால் வந்த சீசன்களில் ஹோமர் நினைத்தபோது வேலை மாறுகிறான், ஊர் சுற்றுகிறான், கத்துகிறான், விழுந்து அடிபடுகிறான். அடுத்த வாரம் எதுவுமே நடக்காத மாதிரி பழைய சீட்டில் இருப்பான். பிடிக்காத வேலைக்குத் தலைகுனிந்து திரும்பிய மனிதன் இவன்தானா? சம்பளத்தைப் பற்றிய பயம் போனதும் ஹோமரில் எனக்கு நெருக்கமாக இருந்ததும் போய்விட்டது. செய்ய முடியாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. 2011இல், பார்ட் விவாகரத்தாகி இரண்டு பையன்களுக்கு அப்பாவாக, லிசா பதின்வயது மகளோடு மல்லுக்கட்டும் அம்மாவாக வரும் ஒரு எதிர்கால எபிசோடு எடுத்தார்கள். அருமையாக இருந்தது. வயதாக விட்டால் இன்றும் இவர்களால் முடியும். அதனால்தான் கோபம் அதிகமாகிறது.

ஆகவே நண்பா, வருடச் சந்தா கட்டாதே. எவ்வளவு விலை குறைத்திருந்தாலும் வேண்டாம். ஒரு மாதத்துக்குக் கட்டி, இரண்டிலிருந்து எட்டு வரை சீசன்களைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடு. நான் சொன்ன 1995 எபிசோடு ஆறாவது சீசனில் இருக்கிறது.