ஸ்டீம் அட்டைப்படத்துக்கு முற்பணம் கொடுக்கும் முன்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்துகொண்டு சொந்தமாக வீடியோ கேம் செய்யும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடைக்கு அட்டைப்படம் செய்து தருவதாக முகநூலில் விளம்பரம் போடும் ஒரு வடிவமைப்பு நிலையம், எங்களிடம் 45,000 ரூபாய் பேசி, அதில் பாதியை முற்பணமாக வாங்கிக்கொண்டு, எதற்கும் உதவாத படங்களைத் தந்துவிட்டு, மீதிப் பணத்தையும் கேட்டு மிரட்டியது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தை அறிந்துகொண்டால், பெயர் தெரியாமலே அவர்களை இனங்காண முடியும்.

எங்கள் விளையாட்டு மட்டக்களப்பு வாவியைப் பற்றியது. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பது இங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த பழக்கம். விளையாடுபவர் அந்த ஓசையைப் பின்தொடர்ந்தே வழி கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே அட்டைப்படத்தில் எது இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை: தோணியில் குந்தியிருக்கும் ஒருவர், நீருக்குள் இறங்கிய துடுப்பு, அதில் சாய்ந்த காது. கல்லடியில் இருக்கும் நானும் அக்கரைப்பற்றில் இருந்து நிரல் எழுதும் நண்பரும் இதை எழுத்தில் கொடுத்து, பாலத்தடியில் எடுத்த புகைப்படங்களையும் சேர்த்தே அனுப்பினோம்.

வந்த முதற்படத்தில் ஓலைக்கூரை வேய்ந்த கேரளப் படகு ஒன்று இருந்தது. ஒருவர் எழுந்து நின்று கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார், பின்னால் மலைத்தொடர் தெரிந்தது. எங்கள் வாவிக்கரையோ முழுக்கச் சமதரை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, படகின் நிழல் விழும் நீரில் சாய்வாக ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடுகளும், அரைகுறையாக அழிக்கப்பட்ட சில எழுத்துகளும் கண்ணில் பட்டன. பணம் கட்டாதவர்களுக்குக் காட்டும் மாதிரிப் புகைப்படத்தில் விற்பனைத் தளங்கள் பதிக்கும் நீர்க்குறி அது. கூகுள் லென்ஸில் இட்டவுடன் அந்தப் புகைப்படம் விற்கப்படும் பக்கமே வந்து நின்றது. உரிமம் வாங்காமல் எடுத்த படத்தின் மேல் நீல நிறத்தைப் பூசி, தாங்கள் வரைந்தது என்று எங்களிடம் விற்றிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது வந்த பதில்: "தம்பி, படம் வடிவாத்தானே இருக்கு, சனம் இதையெல்லாம் பார்க்காது."

அடுத்து அனுப்பிய படத்தில் தோணியும் துடுப்பும் ஓரளவு சரியாக இருந்ததால், துடுப்பை மட்டும் சற்றுத் தாழ்த்தித் தரும்படி கேட்டோம். மறுநாள் வந்த படத்தில் துடுப்பு தாழ்ந்திருந்தது, ஆனால் ஆளும் வேறு, தோணியும் வேறு, நிலா மறுபக்கத்துக்குப் போயிருந்தது. கையால் வரைபவர் ஒரு துடுப்பைத் தாழ்த்துவதற்காக முழுப் படத்தையும் புதிதாக வரையமாட்டார். செயற்கை நுண்ணறிவில் படம் எடுப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. கேட்டபோது அடியோடு மறுத்ததைத்தான் சொல்கிறேன். ஏனெனில் அப்படிப்பட்ட படங்களைப் பயன்படுத்தியிருந்தால் அதை வெளியிடுபவர் அறிவிக்க வேண்டும் என்று ஸ்டீம் 2024 ஜனவரி முதல் கேட்கிறது, அந்த அறிவிப்பு கடைப் பக்கத்திலும் காட்டப்படுகிறது. படிவத்தில் பொய்யான தகவல் போனால் பொறுப்புக் கூற வேண்டியவர்கள் நாங்கள்தான், படம் தந்தவர் அல்ல.

ஆள், படகு, எழுத்து என்று ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்காக (லேயர்) இருக்கும் மூலக்கோப்பைக் கேட்டோம். தந்தார்கள். திறந்து பார்த்தால், அடியில் முழுப்படமும் ஒரே லேயராக ஒட்டிக் கிடக்க, மேலே எழுத்து மட்டும் தனியாக இருந்தது. அந்த எழுத்தும் உடைந்திருந்தது. எங்கள் விளையாட்டின் பெயரில் கொம்பு வரும் எழுத்து ஒன்று உண்டு, அந்தக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவு செய்யாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் இப்படித்தான் வரும். நம் அச்சகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகிய எவரும் ஒரு பார்வையிலேயே பிடித்துவிடும் பிழை அது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கோப்பைப் பார்க்கவே இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறுதியானது.

இவற்றையெல்லாம்விட எங்களுக்குக் கூடுதல் நட்டத்தைத் தந்தது அளவு விடயம். ஸ்டீம் ஒரு படத்தைக் கேட்பதில்லை, ஒரு தொகுதியையே கேட்கிறது. கடைப் பக்கத்தின் தலைப்பில் வரும் படம் 920க்கு 430 பிக்சல், முதற்பக்கத்தில் பெரிதாக வருவது 1232க்கு 706, நிமிர்ந்த வடிவம் 748க்கு 896, பட்டியல்களிலும் தேடலிலும் வரும் சிறிய படம் 462க்கு 174, வாங்கியவரின் நூலகத்தில் நிற்கும் அட்டை 600க்கு 900. அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத வடிவங்கள் இவை. ஆகவே ஆள், படகு, நிலா, பெயர் ஆகியவற்றைத் தனித்தனியாக நகர்த்தி ஒவ்வொரு வடிவத்துக்கும் புதிதாக அடுக்க வேண்டும். லேயர் கோப்பு இல்லாமல் அந்த வேலை நடக்காது. அவர்கள் செய்தது, ஒரே படத்தை இழுத்து நீட்டியது. நிமிர்ந்த அட்டையில் எங்கள் தோணிக்காரரின் முகம் வெண்டிக்காய் போல ஒடுங்கிப்போயிருந்தது. ஒவ்வோர் அளவையும் திருத்தித் தருவதற்குத் தனிக் கட்டணமும் கேட்டார்கள். முதலில் தந்த விலைக்கூற்றில் அனைத்து அளவுகளும் அடங்கும் என்றே எழுதியிருந்தது.

சிறிய படம்தான் விளையாட்டின் உயிர். தேடல் முடிவில் ஓடிக்கொண்டிருக்கும் கண் நிற்பதும் நிற்காததும் அந்தக் கட்டத்தில்தான். அதனால் அதில் பெயரே இடத்தின் பெரும்பகுதியை நிரப்ப வேண்டும் என்று ஸ்டீமின் வழிகாட்டியே சொல்கிறது. எங்களுக்கு வந்ததில் பெயர் ஒரு மூலையில் எறும்பளவில் இருந்தது. போதாக்குறைக்கு, ஸ்டீம் கடையின் பின்னணியே கருநீலம். அதன் மேல் கருநீல இரவுக்காட்சியை வைத்தால், படம் எங்கே முடிகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்றே தெரிவதில்லை.

இன்னொன்று: படத்தின் மேல் விருது பெற்றதைக் காட்டும் இலை வளையமும் ஐந்து நட்சத்திரங்களும் "புதிய வெளியீடு" என்ற வாசகமும் சேர்த்திருந்தார்கள். நாங்கள் எந்தப் போட்டியிலும் விருது பெற்றதில்லை. பெற்றிருந்தாலும் போட முடியாது. 2022 செப்டெம்பர் 1 முதல் இந்தப் படங்களில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வ உபதலைப்பு தவிர விருதோ மதிப்பெண்ணோ விலைக்கழிவு வாசகமோ இருக்கக் கூடாது என்பது விதி. மீறினால் கடையில் விளையாட்டு தென்படுவது கட்டுப்படுத்தப்படலாம், விற்பனை விழாக்களில் இடம் கிடைக்காமலும் போகலாம். ஸ்டீமுக்கென்றே வேலை செய்வதாக விளம்பரம் போடும் நிலையத்துக்கு இது தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த இழுபறியில் வெளிவராத விளையாட்டுகளின் மாதிரிகளை ஸ்டீம் காட்சிப்படுத்தும் பெப்ரவரி மாத நெக்ஸ்ட் ஃபெஸ்ட் விழாவுக்குள் எங்கள் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. ஒரு விளையாட்டு அந்த விழாவில் ஒரே ஒரு தடவைதான் பங்கேற்கலாம் என்பதால், அரைகுறையான படத்தோடு உள்ளே போவதைவிட அடுத்த விழாவரை காத்திருப்பதே மேல் என்று விலகினோம்.

மீதிப் பணத்தை மறுத்தபோது, படத்தின் பதிப்புரிமை தங்களுடையது, பணம் வராவிட்டால் ஸ்டீமுக்கு அறிவித்து பக்கத்தையே நிறுத்துவோம் என்று வட்ஸ்அப்பில் எழுதினார்கள். பிறரின் புகைப்படத்தைத் திருடியவர்கள் உரிமை பேசியதை வாசித்தபோது எனக்கு உண்மையாகவே உடம்பு நடுங்கியது. அவர்கள் தந்த எதையும் நாங்கள் பயன்படுத்தவில்லை.

பிறகு படத்தை வரைந்து தந்தவர், கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படித்த ஒரு தங்கை. அவர் முதலில் வர்ணத்தையே தொடவில்லை. விரல் நீள அளவில் கறுப்பு வெள்ளைப் பொட்டுகளாகச் சில வரைவுகளைச் செய்து, கைபேசியில் ஸ்டீம் பட்டியலின் நடுவில் ஒட்டி எங்களிடம் காட்டி, "அண்ணா, எதில ஆள் தெரியுது?" என்று கேட்டார். ஒன்றில் மட்டும்தான் தெரிந்தது. நிலவொளி பட்டுப் பளபளக்கும் நீருக்கு முன்னால், துடுப்பில் சாய்ந்த தலை கறுப்பாக நின்றது. அதையே முழுப்படமாக வளர்த்தார். பெயரைக் கையால் எழுதி, எழுத்துகளின் மேல் விசிறிகளும் கீழ்ச் சுழிகளும் சிறிய அளவில் கூழாகிவிடாதபடி கோடுகளைத் தடிப்பாக்கி, இரண்டு வரியாக மடித்தார். நூலகத்தின் அகன்ற பின்னணிப் படத்தில் எழுத்து வரக் கூடாது என்பதை அவரே வாசித்து அறிந்து, பெயர் இல்லாமல் தனியாக ஒன்றைத் தந்தார்.

ஆகவே யாரிடம் கொடுப்பதானாலும், வரைவு நிலையிலேயே ஒரு பகுதிப் பணமும், லேயர் கோப்பு கைக்கு வந்த பின் மீதியும் என்று பிரித்துக் கொடுங்கள். எந்தெந்த அளவுகள், எத்தனை திருத்தங்கள், எழுத்துருவுக்கு வணிக உரிமம் உண்டா, பணம் முழுதும் செலுத்தியபின் படத்தைப் பயன்படுத்திப் பணம் ஈட்டும் உரிமை (பொருளாதார உரிமை) யாருக்கு என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் காட்டும் மாதிரிகளில் இரண்டொன்றை எடுத்து, அந்த விளையாட்டைச் செய்தவரிடமே நேரில் கேளுங்கள். மூலக்கோப்பின் திரைப்பிடிப்பைக் காட்டத் தயங்குபவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டு, வங்கிப் பதிவு, உரையாடல்கள் எதையும் அழிக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள். எங்களுடையது காலத்துக்குள் போய்விட்டது. இதற்கிடையில், நாங்கள் நிராகரித்த அந்தப் படத்தையே, மலையோடும் ஓலைக்கூரைப் படகோடும், திருப்தியடைந்த வாடிக்கையாளரின் வேலை என்று தங்கள் மாதிரிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை யாராவது உங்களுக்குக் காட்டினால், எங்களிடம் பணம் வாங்கியவர்கள் அவர்கள்தான்.